ஈவன் வரைந்த கடற்கரை

மூன்றாவது முறை படித்தபோதுதான் அந்தக் கடிதம் மரணச் செய்தி மட்டுமல்ல, ஒரு வேண்டுகோளும்கூட என்பது விசாலாக்ஷிக்கு உறைத்தது. எழுதியிருந்தது ஈவனின் தங்கை. ஸ்காட்லாந்தில், பிறந்த ஊரிலேயே, அண்ணன் மார்ச் மாதம் தூக்கத்தில் போய்விட்டார். கண்காட்சிக்காக அவர் உங்களிடம் இரவல் வாங்கி வந்த நீர்வண்ண ஓவியம் இங்கே இருக்கிறது. அதிலிருப்பது எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கடற்கரை. எங்களிடமே விட்டுவிட உங்களுக்கு மனம் வருமா?

பன்னிரண்டு வருஷம் முன்பு, டெல்லி மண்டி ஹவுஸ் பக்கம் மழைக்கு ஒதுங்கிய ஓர் ஓவியக் கூடத்தில் அவள் அதை வாங்கினாள். அலை பின்வாங்கிய மணல், சாம்பல் வானம், வேறொன்றுமில்லை. அன்று விற்ற ஒரே படம். ஈவன் அதைத் தானே பஸ்ஸில் எடுத்துவந்து, கரோல் பாக் வீட்டில் ஆணியடித்து மாட்டினார்.

"இதை யாரும் வாங்கமாட்டார்கள் என்றிருந்தேன். ஒரு மனுஷன்கூட இல்லை, பாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"அதனால்தான் வாங்கினேன்" என்றாள்.

அப்போது அவள் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். ஆண்டுதோறும் அவருடைய விசா நீட்டிப்பு மனுவை அவளே எழுதிக் கொடுத்தாள். முழுப்பெயர் வாயில் நுழையாமல் அவர் அவளையும் 'விசா' என்றே கூப்பிட்டார். வருஷத்துக்கு ஒரு படம் வாங்கினாள்; நல்ல காகிதம் வரவழைத்துக் கொடுத்தாள். இரண்டாம் சனிக்கிழமைகளில் வந்து தயிர்சாதம் சாப்பிடுவார். பேச்சு குறைவு. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கொஞ்ச காலம் ஜாடையாக விசாரித்துவிட்டு ஓய்ந்துபோனாள். சொல்லவேண்டியது ஏதாவது இருந்திருந்தாலும் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. போன வருஷம் அந்தக் கடற்கரைப் படத்தைக் கழற்றும்போது, "மூன்று மாதம்தான், விசா. நானே திரும்பக் கொண்டுவருவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி மகள் ஜ்யோத்ஸ்னாவிடம் கடிதத்தைக் காட்டினாள்.

"குடுத்துடுங்கோ அத்தை. அவாளோட பீச்தானே? உங்களுக்கு வேற அச்சா பெயிண்டிங் நான் வாங்கித் தரேன்."

"அவா பீச்தான். நான் இல்லேங்கல."

"பின்னே?"

"உங்கப்பா கேட்டான்னு வீணையைக் குடுத்தேன். நீ கேட்டேன்னு டைனிங் டேபிளைக் குடுத்தேன். கேட்டா குடுத்துடறது பழக்கமாப் போச்சு. இதைக் குடுக்கமாட்டேன்."

ஜ்யோத்ஸ்னா கொஞ்சம் தயங்கினாள். "அந்த அங்கிள் உங்களுக்கு என்ன வேணும், அத்தை?"

"ஃப்ரெண்ட்."

அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு அது போதாததாகவும், கூடுதலாகவும் இருந்தது. ஜ்யோத்ஸ்னா மொபைலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

மறுநாள் விசாலாக்ஷி பதில் எழுத உட்கார்ந்தாள். முதலில் வந்ததெல்லாம் அலுவலக நடை, கிழித்துப் போட்டாள். கடைசியில் இரங்கலாக நாலு வரி. பிறகு: 'படம் என்னுடையது. தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.' கடைசி நாட்களில் அவர் தன்னைப்பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்காமல் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினாள்.

தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்து ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சாலையை மறித்திருந்தார்கள். மெட்ரோ வேலை. பிரம்மாண்டமான கான்கிரீட் துண்டு ஒன்றை கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. நடைபாதையில் எல்லோரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள். பக்கத்திலிருந்த சர்தார்ஜி அவளிடம், "அது கீழே விழுந்துடாதில்லையா, பெஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார். தெரியாது என்று தலையசைத்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவே, வெயிலில், அது மெல்ல அசைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.