ஐந்தாம் சுருள்

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் துணி கேட்டார்கள். பூரணம் உள்ளறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்தாள். கைக்கு வந்தது படத்திரைதான். இரண்டு எட்டு முழ வேட்டிகளை நடுவில் சேர்த்து அவளே தைத்துக் கொடுத்தது. ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தாள். விறாந்தையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சின்னாச்சி அந்தச் சத்தத்துக்கு ஒரு கணம் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள்.

அவள் புருசன் நமசிவாயம் விடியப்புறம் கிணற்றடியில் இறந்துபோனார். பல் விளக்கிக்கொண்டு நின்றவர் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து குந்திவிட்டார். தேத்தண்ணி ஆறுது என்று பூரணம் இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கோபமாகக் கூப்பிட்டாள். அந்தக் கோபம் இன்னும் தொண்டையில் இருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செத்தவீடு என்றால் பொலிகண்டியில் எவரும் கேட்காமலே பொறுப்பெடுக்கிறவர் ஆழ்வாப்பிள்ளை. பந்தலுக்கும் சவப்பெட்டிக்கும் பறைக்கும் ஆள் அனுப்பிவிட்டிருந்தார். ஆனி வெயில், ஐஸ் இல்லாத காலம், மூன்று மணிக்கு எடுத்துவிட வேண்டும். வாசல் படலையடியில் ஐயருடன் கதைத்துவிட்டு வந்து, பூரணத்தின் பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்க வேணும்."

அவள் விரல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கொள்ளி தேவராசா வைப்பான். அதிலை ஒண்டும் இல்லை. ஆற்றை பேரிலை வைக்கிறது எண்டுதான் ஐயர் கேக்கிறார்."

தேவராசா நமசிவாயத்தின் தம்பி. மகன் தூரத்தில் இருந்தால், அந்த மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவனுக்காக இவன் தர்ப்பை வாங்கலாம். இந்தக் கரையில் இப்போது பாதிக் கொள்ளி அப்படித்தான் வைக்கப்படுகிறது. மகன்கள் பாரிசில், லண்டனில், சென்னையில். மகனே இல்லையென்றால் தம்பி தன் பேரில் வைக்கலாம். இரண்டும் சரி. ஆனால் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"எதைச் சொன்னாலும் ஊர் ஒண்டும் கதைக்காது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "ஆனால் சொல்ல வேண்டியது நீதான்."

"ஐயருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று அவள் கேட்டாள்.

அவர் முழங்காலில் கையூன்றி எழும்பிப் போனார்.

நேசன் கடலுக்குப் போனது எண்பத்தாறு ஐப்பசியில். படகு மூன்றாம் நாள் கரையொதுங்கியது. அதில் நான்கு சூட்டுத் துளைகள் இருந்தன. அவன் இருக்கவில்லை. அவனை இந்தியாவில், மண்டபம் முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அவரைத் தேடிப்போய்க் கேட்டபோது, தான் காணவில்லை, இன்னொருவர் கண்டதாகச் சொன்னார் என்றார். பூரணத்துக்கு அது போதுமாயிருந்தது. இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்ய விடவில்லை. நமசிவாயம் ஒருநாள் மகனின் படத்தைச் சட்டம் போடுவிக்க எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் அதைப் பெட்டகத்தின் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு ஆறேழு வருடம் இருவரும் மகனைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்த மாரிக்குப் பிறகுதான் அவர் படப்பெட்டியை வெளியே எடுத்தார்.

பெட்டி வெள்ளைக்காரர்களுடையது. எண்பத்து மூன்று மாசியில் ஒருவனும் அவன் பெண்சாதியும் ஒரு வான் வண்டியில் வந்தார்கள். கூரையில் நீளப் பலகைகள். உள்ளே ஒரு பெட்டியில் படம் காட்டும் மிசின், ஐந்து தகரங்களில் ஐந்து படங்கள். எல்லாமே அலைமேல் பலகை போட்டு எழும்பி நிற்கிறவர்களைப் பற்றியவை. கம்பனிகள் எடுத்தவை அல்ல. அலையில் நிற்கிறவர்களே தங்கள் கைக்காசில் எடுத்தவை. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதை அவர்கள் விழா என்றார்கள். ஹிக்கடுவையில் காட்டி, அறுகம்குடாவில் காட்டி, திருகோணமலையில் காட்டி, வடக்குக் கரைக்கு வந்த இடத்தில் ஜெனரேற்றர் பழுதாகிவிட்டது. ஊரில் எஞ்சின் திருத்துகிறவர் நமசிவாயம். திருத்தினார். பிறகு கூடவே போனார். மிசின் ஓட்டவும் பழகிக்கொண்டார்.

ஆடியில் அவர்கள் விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனார்கள். இரண்டு கிழமையில் வருவதாகப் பெட்டியையும் ஜெனரேற்றரையும் விட்டுப் போனார்கள். அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. படங்களைப் பூட்டி வைக்க வேண்டாம், காட்டுங்கள் என்று எழுதியிருந்ததாக, தபால் கந்தோரில் வேலை செய்தவர் வாசித்துச் சொன்னார்.

நமசிவாயம் எல்லாவற்றையும் லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகப் போனார். இன்பர்சிட்டி, கற்கோவளம், மணற்காடு. பள்ளிக்கூடச் சுவரில் திரையைக் கட்டுவார். ரிக்கற் இல்லை. ஐந்தையும் வெள்ளைக்காரன் வைத்த ஒழுங்கிலேயே காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் முன் எழும்பி நின்று, இது ஒரு தச்சன் எடுத்தது, இது ஒரு மீன்கடைக்காரி எடுத்தது என்று சொல்லுவார். முதலில் சனம் சிரித்தது. மணற்காட்டில் கனிசியஸ் என்ற சம்மாட்டி எழும்பி, "மீனும் பிடிக்காமல் அக்கரைக்கும் போகாமல் உவங்கள் என்னத்துக்குக் கடலுக்கை நிக்கிறாங்கள்?" என்று கேட்டாராம். நமசிவாயம் அடுத்த தகரத்தைத் திறந்தாராம். பிறகு கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்தது. அடுத்த முறை அதே கனிசியஸ் முன்னுக்குப் பாய் போட்டு இருந்து, ஐந்தும் முடியும்வரை எழும்பவில்லையாம்.

குண்டுபோட வந்தால் அவர் பங்கருக்குள் முதலில் இறக்குவது பெட்டியைத்தான். "என்னை விட்டாலும் உந்தப் பெட்டியை விடமாட்டியள்," என்பாள் பூரணம். அவர் சிரிப்பார். பெட்டியோடு ஒடுங்கி இருந்து அவளுக்கு இடம் விடுவார்.

அவள் ஒரு தரமும் படம் பார்க்கப் போகவில்லை.

ஐந்தாவது படத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மணற்காடு வரும். வெள்ளைக்காரன் தன் கமராவால் பிடித்து, மதராசுக்கு அனுப்பிக் கழுவி, வாலில் ஒட்டியது. அதில் நேசன் பலகையில் நிற்கிறான். அப்போது அவனுக்கு இருபது வயது. கரை முழுதும் அதைப் பார்த்தது. சந்தையில் மீன் விற்கும் லூர்த்தம்மா பூரணத்தின் கையைப் பிடித்து, "நேற்று உன்ரை மோனைக் கண்டனான்," என்பாள். பூரணம் கையை உருவிக்கொள்வாள். மண்டபத்தில் இருக்கிறவனை அவள் ஏன் சுவரில் பார்க்க வேண்டும்?

தொண்ணூற்றொன்றில் மிசினின் பல்ப் எரிந்துபோனது. இன்னொன்று மிச்சம் இருந்தது. நமசிவாயம் அதைப் போடவில்லை. விழா நின்றது. ஊர்களிலிருந்து ஆள் வந்து கேட்டபோது பல்ப் இல்லை என்றார். கூடத் திரிந்த தேவராசாவுக்கு அது பொய் என்று தெரியும். அண்ணைக்குப் பயம் பிடித்துவிட்டது என்று நினைத்தான்.

ஒரு மத்தியானம் பூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"ஒரு பல்ப் கிடக்கு," என்றார்.

அவள் புடைத்துக்கொண்டேயிருந்தாள். உமி பறந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் திரும்பிப் போனார்.

அது இரண்டு வருடத்துக்கு முந்தி.

ஒழுங்கையில் பறை தொடங்கியது. ஐயர் கும்பம் வைத்து, பொற்சுண்ணம் இடிக்க உரல் கேட்டார். தேவராசா குளித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

"மச்சாள், ஐயர் கேக்கிறார்."

பூரணம் எழும்பி உள்ளறைக்குப் போனாள். அவன் பின்னால் வந்து வாசலில் நின்றான்.

"எதிலை இருக்கிறான்?" என்று கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அஞ்சாவது தகரத்திலை," என்றான் பிறகு. "கடைசியாக் காட்டினாப் பிறகு அதை மட்டும் அண்ணை திருப்பிச் சுத்த விடேல்லை. முடிவு வெளியிலை கிடக்கு, வெளிச்சுற்றிலையே இருப்பான்." ஈர வேட்டியிலிருந்து நீர் சொட்டியது. "பல்ப் ஒண்டு கிடக்கு மச்சாள். அண்ணை ஒளிச்சு வைச்சவர். காரியமெல்லாம் முடியட்டும், நான் போட்டுக் காட்டுறன்."

"தெரியும்," என்றாள். "கதவைச் சாத்திவிடும் தம்பி."

தகரங்களின் மேல் பஞ்சில் சுற்றிய பல்ப் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஐந்தாவது தகரத்தின் மூடியைக் கழற்றியதும் புளித்த காடி மணம் வந்தது. யன்னலோரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி. காலையில் யாரோ எடுத்து வைத்தது. அதைப் போட்டுக்கொண்டாள். சுருளின் நுனியைப் பிடித்து இழுத்து, வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

முதல் ஒரு முழம் கறுப்பு. பிறகு கடல். சின்னிவிரல் நகமளவு சட்டங்கள், ஒன்றன் கீழ் ஒன்று, எல்லாவற்றிலும் அதே கடல். இடது மூலையில் ஒரு கறை. இழுத்து இழுத்துத் தரையில் விட்டாள். பத்து முழம். பதினைந்து முழம். வெறும் கடலை அந்த மனிதன் ஏன் இவ்வளவு பிடித்தான் என்று நினைத்தாள்.

ஒரு சட்டத்தில் நுரைக்குள் ஒரு புள்ளி இருந்தது. தூசி என்று விரலால் துடைத்தாள். அடுத்ததிலும் இருந்தது. இன்னும் இழுத்தாள். புள்ளி ஓர் அரிசியளவு ஆனது. முழங்காலை மடித்து, கைகளை விரித்து நின்றான். அலை அவனுக்குப் பின்னால் சுருண்டு நின்றது. ஒன்றும் அசையவில்லை. அவள் சட்டம் சட்டமாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விழாமல் நின்றான்.

இன்னும் இழுத்தபோது பலகையில் படுத்துத் துடுப்புப் போடுவதுபோலக் கைகளால் நீரைத் தள்ளினான். பிறகு முழங்காலளவு தண்ணீரில் நின்றான். பிறகு மணலில். இங்கே முகம் தெரிந்தது. சிவப்புக் காற்சட்டை. அதன் பித்தானை அவள் இரண்டு தரம் தைத்திருக்கிறாள்.

பக்கத்தில் இன்னொருவர் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் எண்ணெய்த் துணி. ஒரு கை நேசனின் முதுகில். மற்றக் கையில் அவன் கழற்றிக் கொடுத்த சேர்ட். சிரித்துக்கொண்டிருந்தார்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் நேசனைத்தான் சொன்னார்கள்.

இப்போது அவள் மறுபக்கமாக, படம் ஓடுகிற ஒழுங்கில் பார்த்துக்கொண்டு வந்தாள். மகன் தண்ணீருக்குள் இறங்கினான். அவர் சேர்ட்டோடு கரையில் நின்றார். அவன் படுத்துக்கொண்டு தூரப் போனான், அவர் நின்றார். அவன் எழும்பி நின்றான். பிறகு நுரை. தரையில் போட்ட முழங்களைக் கையில் எடுத்தாள். கறை என்று விட்டது அவருடைய பின்தலையும் ஒரு தோளும். மகன் மறைந்து வெறும் கடல் தொடங்கின இடத்திலும் அது இருந்தது. கறுப்பு வருகிற சட்டம்வரை இருந்தது.

வெளியே பறை நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் விறாந்தைக்கு வந்தாள். சின்னாச்சி நகர்ந்து இடம் விட்டாள். ஆழ்வாப்பிள்ளை சால்வையை இடுப்பில் கட்டியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீர் உம்மடை பேரிலை வையும்."

தேவராசா தலையாட்டினான். ஐயர் தர்ப்பையை எடுத்து, அவனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். அவன் சொல்லி முடிக்கும்வரை பூரணம் நின்றாள்.

"நேசனுக்குப் பூராடம்," என்றாள் ஐயரிடம். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் தேவைப்படும். இரண்டு பேருக்கும் சேத்துச் செய்யுங்கோ."

ஐயர் ஓம் என்றார்.

வாய்க்கரிசி போட்டார்கள். அவள் போட்டபோது இரண்டு அரிசி அவருடைய மீசையில் விழுந்தது. அதை எடுத்துவிட்டாள். மூடி வைக்கப்போகும் நேரம் அயல்வீட்டு மகாதேவி அவள் கையைப் பார்த்து, கண்ணாடியையும் உள்ளே வைப்பமோ என்று கேட்டாள்.

"வேண்டாம், எனக்கு வேணும்."

பெண்கள் படலையோடு நின்றார்கள். சவப்பெட்டி ஒழுங்கையில் திரும்பிக் கடற்கரைச் சுடலைப் பக்கம் போனது. மகாதேவியும் மற்றவர்களும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீடு கழுவத் தொடங்கினார்கள். கிணற்றடிக்கு வா, தலைக்கு வார்க்க வேணும் என்று பூரணத்தைக் கூப்பிட்டார்கள். வாறன் என்றாள்.

உள்ளறையில் படச்சுருள் குவியலாகக் கிடந்தது. நிலத்தில் குந்திக் கண்ணாடியைப் போட்டாள். சுருளை மடியில் வைத்துக் கையால் சுற்றத் தொடங்கினாள். மணலில் நின்ற இருவரும் முதலில் உள்ளே போனார்கள். பிறகு பலகை, பிறகு அலை. பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

கதவின் கீழால் கழுவிய தண்ணீர் உள்ளே வந்தது. இன்னும் பதினைந்து முழம் கடல் இருந்தது. நனையாமல் அதை மடிக்குத் தூக்கிக்கொண்டாள். இடது மூலையைப் பார்த்தபடி சுற்றினாள்.