மூத்த கால்

“அது எளய கால். மூத்த காலத் தாங்க டீச்சர்,” என்றான் அரூஸ், சப்பாத்தைக் கையில் ஏந்தியபடி.

பஸ்லினா டீச்சர் நீட்டிய வலது காலை அந்தரத்திலேயே நிறுத்தினாள். “இந்தச் சொல்ல நான் வாசிச்சீக்கிறேன், அரூஸ் நானா.”

கடையின் உட்பக்கம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அரூஸின் மனைவி நஸ்லியா, கையிலெடுத்த பெட்டியை வைக்காமல் காதைக் கொடுத்தாள்.

யாருக்கும் இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. அநேகமாக ஒன்று நூலளவாவது பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். சிறிய காலுக்குத் தளர்ந்தால் உள்ளே ஓர் அட்டை வைத்துச் சமாளிக்கலாம். பெரிய காலைக் கடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெரிய காலை மூத்த கால் என்பது அரூஸ் தானாகவே உண்டாக்கிக்கொண்ட சொல். அக்குறணை வீதியில் வேறு எந்தச் சப்பாத்துக் கடையில் கேட்டாலும் விளங்காது.

“நீலவல்லி எண்டு ஒராள் போன்ல ஒரு தொடர்கதை எழுதுறாங்க. எங்கட ஸ்கூல்ல எல்லாரும் வாசிக்கிறம். நீங்கதானா அது?”

“நான் கடைசியா எழுதினது, ‘ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூடப்படும்’ எண்டு. அதுலயும் ரெண்டு பிழை.”

டீச்சர் விடவில்லை. ஒரு காலில் தன் பழைய சப்பாத்தும் மறு கால் வெறுமையாகவும் உட்கார்ந்துகொண்டு கதையைச் சொன்னாள். சென்னையில் ஒரு சினிமாப் பாட்டு. பின்வரிசையில் ஆடும் பெண் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும்போது, கண்ணாடி போன்ற ஒற்றைச் சப்பாத்தை விட்டுப் போகிறாள். மறுநாளும் அதே பாட்டை எடுக்க வேண்டும். முந்தின நாள் படத்தில் இருந்த கால், அடுத்து எடுக்கும் காட்சியிலும் அதே காலாக இருக்க வேண்டும். அதைக் கவனிப்பது உதவி இயக்குநரின் வேலை. அதனால் அவன் சப்பாத்தோடு அவளைத் தேடிப் புறப்படுகிறான்.

“அஞ்சாம் சைஸ் சப்பாத்து ஊருக்குள்ள ஆயிரம் பேருக்குச் சரி வருமே,” என்றான் அரூஸ். “எப்படிக் கண்டுபுடிச்சான்?”

“விரல் தடத்த வெச்சு. உள்ளுக்குப் பெருவிரல் அழுத்தின பள்ளம் ஒவ்வொராளுக்கு ஒவ்வொரு மாதிரியாம்.”

அரூஸ் கையிலிருந்த சப்பாத்தின் உள்ளே விரலை விட்டுத் தடவினான். கல்யாணமான முதல் வாரம், நஸ்லியாவின் பழைய சப்பாத்தைத் திருப்பிப் பார்த்து அவன் சொன்ன விஷயம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே கதையின் முதல் பக்கத்தை நஸ்லியா அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். “மெட்ராஸ் எந்தப் பக்கம் எண்டு தெரியுமா ஒனக்கு?” என்று சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன்தான். அதில் வஞ்சம் கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் நீலவல்லி என்ற பெயரில் அவனுக்குத் தெரியாமலேயே எழுதினாள். சென்னையைத்தான் அவள் பார்த்ததில்லை. ஒரு மனிதன் இன்னொருவர் காலடியில் முழங்காலிட்டு, அந்தக் காலை எவ்வளவு கவனமாகத் தொடுவான் என்பதைப் பதினாறு வருஷமாகத் தினமும் பார்க்கிறாள். கதையின் நாயகன் பாதிக்கு மேல் அரூஸ்தான்.

நேற்று அந்தச் சென்னையிலிருந்தே ஒரு பதிப்பகம் எழுதியிருந்தது. கதையைப் புத்தகமாகப் போடுகிறோம், ஆனால் சொந்தப் பெயரில்தான். இன்றைக்குள் பெயரை அனுப்பவும். அவளுடைய சட்டைப் பையிலிருந்த போனில் ‘என் பெயர்’ என்று தொடங்கிய பதில் அந்த இரண்டு சொற்களோடு காலையிலிருந்து நிற்கிறது.

“ஆனா ஒரு பிழை ஈக்குது, டீச்சர்,” என்றான் அரூஸ் மெதுவாக. “கண்ணாடி மாதிரிச் சப்பாத்து எண்டா பிளாஸ்டிக்தானே. அதுல தடம் விழாது. வேர்த்து வழுக்கும், அவ்வளவுதான். எழுதினவருக்குச் சப்பாத்தப் பத்தி ஒண்டும் தெரியாது.”

“உள்ளுக்குத் தோல் அட்டை வெச்சீக்கிறேனே!” என்றாள் நஸ்லியா. “நாலாம் பாகத்துல! அவட எளய காலுக்குத் தளர்ந்ததால!”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே மாத்தளை பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. கண்ணாடி அலுமாரியில் சப்பாத்துகள் இலேசாக அதிர்ந்து அடங்கின.

அரூஸ் குந்தியிருந்த சின்ன ஸ்டூலிலேயே திரும்பி நஸ்லியாவைப் பார்த்தான். உதடு ஓர் ஓரமாக அசைந்தது. அது சிரிப்பின் தொடக்கமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. கையிலிருந்த சப்பாத்தை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

நஸ்லியா பெட்டியை அலுமாரித் தட்டில் வைத்தாள். போனை வெளியே எடுத்து, பாதியில் நின்ற அந்தப் பதிலைத் திறந்தாள். பிறகு இடது காலை, அவளுடைய மூத்த கால் அதுதான், ஓரடி முன்னே எடுத்து வைத்தாள்.