சிங்காரத்தின் சத்தம்

ஈப்போவில் அந்த இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியில் கித்தாரோடு மாட்டுகிற மூன்று பெடல்கள் இருந்தன. மூன்றும் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். சிங்காரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியது. கடைக்கார சீனர் துணியெடுத்துத் துடைத்தார். அவன் மறுபடியும் குனிந்தான், அவர் மறுபடியும் துடைத்தார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காளியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய் மாப்ள, பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இப்படிக் குனிஞ்சு பாக்கலடா."

காளியண்ணன், சிங்காரத்தின் அக்கா தங்கம்மாவைக் கட்டியவர். கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா என்று மலையில் எங்கே பாட்டு வைத்தாலும் அவருடைய பனிச்சாரல் இசைக்குழுதான் போகும். அவர் கீபோர்டு வாசிப்பார். சிங்காரம் பேஸ் கித்தார். குழு ஆரம்பித்த காலத்திலேயே தங்கம்மா சொல்லிவிட்டாள்: "என் தம்பி இல்லாம உங்களுக்கு என்ன பேண்டு?" அன்றிலிருந்து அவன் மேடையின் இடது ஓரத்தில், கீபோர்டுக்கு அரையடி பின்னால் நிற்கிறான். தோட்டத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். அவன் வாசித்து யாருக்கும் கேட்டதில்லை.

அது அவனை உறுத்தாமலேதான் இருந்தது, நீலாவதி சொல்லும் வரைக்கும். கோலா தெர்லாவில் கோசும் தக்காளியும் போடுகிற வீரப்பனின் மகள். அவளை அவனுக்குப் பேசித் தட்டு மாற்றியாயிற்று, தையில் நாள் பார்ப்பதாகப் பேச்சு. ஒரு கல்யாண வீட்டில் பாட்டு முடிந்ததும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "கோவிச்சுக்காதீங்க. உங்க கையையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். எவ்வளவு காத குடுத்தாலும் நீங்க வாசிக்கிறது மட்டும் கேக்கவே மாட்டேங்குது." கேலி ஒன்றும் இல்லை அதில். உண்மையான வருத்தம். அந்த வருத்தத்தை அவன் வீட்டுக்கு எடுத்து வந்து, படுக்கும்போதும் எழும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒரே ஒரு பாட்டாவது அவள் காதில் விழ வேண்டும். அதற்குமேல் அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

சத்தத்தை ஏற்றுகிற பெடல் என்று ஒன்று இருக்கிறது, காலால் மிதித்தால் போதும் என்று யாரோ சொன்னதும், மாமாவிடம் கெஞ்ச ஆரம்பித்தான். காளியண்ணன் மாதக்கணக்கில் மழுப்பினார். "பேஸுன்னா அஸ்திவாரம் மாதிரிடா. அஸ்திவாரம் வெளிய தெரியணும்னு யாராச்சும் அடம் புடிப்பானா?" கடைசியில் என்ன நினைத்தாரோ, அவரே தாப்பா வழியாக பஸ் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சீனர் ஒரு பேஸ் கித்தாரைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். முதல் பெடல் சாதாரண கித்தாருக்கென்று செய்தது. மிதித்ததும் சத்தம் ஏறியது, ஆனால் அடிக்கனம் போய்விட்டது, காலி டின்னைத் தட்டியதுபோல. இரண்டாவது, மேட்டில் ஏறும் லோரி மாதிரி உறுமியது. "இதுல தப்பு வாசிச்சாலும் தெரியாது, நல்லதுதான்" என்றார் காளியண்ணன். மூன்றாவதில் திருப்புவதற்கு ஒரே ஒரு குமிழ். சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்குப் பிடித்த காதல் பாட்டின் அடியை வாசித்து, பெடலை மிதித்தான். கடையின் பலகைச் சுவர் அதிர்ந்தது. தன் விரல்தான் இதைச் செய்கிறதா என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. தனியாக வாசிக்கும்போது அது அழகாகத்தான் இருந்தது. சீனர்கூடத் தலையாட்டினார்.

"இது எதையும் சேர்க்காது, எதையும் மறைக்காது" என்று மலாயில் சொன்னார். "உன் கை என்ன செய்யுதோ, அதை அப்படியே பெருசாக்கும்."

காளியண்ணன் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே, "அதையே எடுத்துக்க" என்றார்.

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா தன்மேல் வைத்திருந்த பாசம் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று, திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அவன் பாட்டுப் படித்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் அவனுக்கு நாலாம் நம்பர் உருட்டு மெஷினில் வேலை. வாடிய இலையை மேலே கொட்டினால், மெஷின் தன் மேசைமேல் வட்டம் வட்டமாகச் சுற்றி அதைக் கசக்கி உருட்டும். சுற்றிவரும்போது ஒரு மூலையில் மட்டும் லேசாக இழுத்து, மூச்சு வாங்குவதுபோல நின்று, மறுபடி போகும். அந்த இரைச்சலில் பேச முடியாது. எனவே அவன் பாட்டை மனசுக்குள் ஓட்டி, தொடையில் விரலால் வாசித்துப் பழகினான். பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து இப்படித்தான். எல்லாப் பாட்டும் அவனுக்கு அங்கேதான் மனப்பாடம்.

எண்பத்திரண்டாம் வருடப் பொங்கல் விழா தோட்டத்துத் திடலில் நடந்தது. லோரியின் பக்கப் பலகைகளை இறக்கி மேடையாக்கியிருந்தார்கள். மதியச் சோறு முடிந்து ஜனம் பாயில் உட்கார்ந்திருந்தது. பள்ளத்திலிருந்து பனி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நீலாவதி, மஞ்சள் சேலையில், அப்பாவுக்குப் பக்கத்தில். தங்கம்மா பெருமையாகத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதல் பாட்டு வரும்வரை சிங்காரம் பெடலைத் தொடவில்லை. அந்தப் பாட்டுக்கு முன்னால் காளியண்ணன் எழுந்து வந்து, பேஸுக்கான ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழ்மேல் பல வருடமாக ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்தார். உடைந்த குமிழ் என்று நினைத்து சிங்காரம் அதைத் தொட்டதே கிடையாது. அவர் அதை நன்றாகத் திருகி மேலே ஏற்றிவிட்டு, அவன் தோளில் தட்டினார். "இன்னிக்கு உன் நாளுடா மாப்ள."

அவன் மிதித்தான்.

திடல் அதிர்ந்தது. குழந்தைகள் காதைப் பொத்தினார்கள். நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். விரல்கள் தாமாக ஓடின. டிரம்ஸ் அடிக்கும் முனியாண்டி ஏதோ கத்தினான், அது காதில் ஏறவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு ஓர் இடத்தில் அவனுக்காகக் காத்து நின்றது. லேசாக ஓர் இழுப்பு. ஒரு மூச்சு. மறுபடி.

சிரிப்பு முதலில் பேக்டரி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து வந்தது.

"டேய், நம்ம நாலாம் நம்பர் மெஷின்டா இது!" என்று சின்னக்கருப்பன் எழுந்து கத்தினான்.

"ஆமாலா! அதே இழுப்பு!"

"இலையக் கொட்டுங்கடா, சும்மா ஓடுது!"

"பெல்லு அடிச்சுட்டாங்க, எந்திரி எந்திரி, வேலைக்குப் போலாம்!"

சிங்காரம் அதைக் குதூகலம் என்று நினைத்தான். இப்படி ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துக் கத்தியதே இல்லை. சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தி வாசித்தான். கொழுந்து எடுக்கும் பெண்கள் எழுந்து கூடையைக் கவிழ்ப்பதுபோல் ஆடினார்கள். ஆண்கள் இரண்டு கையையும் நீட்டி வட்டம் வட்டமாகச் சுற்றி, ஒரு மூலையில் இழுத்து நிறுத்தி, மறுபடி சுற்றினார்கள். அவன் விரலும் அந்தக் கைகளும் ஒரே நேரத்தில் நின்றன, ஒரே நேரத்தில் கிளம்பின. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

காளியண்ணன் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். அவர் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முனியாண்டியும் நிறுத்திவிட்டான். பாடகி மைக்கைக் கீழே இறக்கினாள். அவனால்தான் நிறுத்த முடியவில்லை. சுற்று முடியாமல் மெஷின் நிற்காதே. திடல் முழுக்க அவன் சத்தம் மட்டும் கேட்டது, சுத்தமாக, அடிக்கனத்தோடு, ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் மறைக்காமல். நீலாவதி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கணம் அழுகிறாள் என்று நினைத்தான்.

விழா முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே லோரிப் பக்கம் வந்தாள். "ஐயோ, வயிறெல்லாம் வலிக்குது. இன்னிக்குத்தாங்க நல்லாக் கேட்டுச்சு." அவன் முகத்தைப் பார்த்து, அன்பாகவே, அவன் கைமேல் லேசாகத் தட்டினாள். "கல்யாணத்துக்கப்புறம் நான் உங்கள மெஷின்னுதான் கூப்புடுவேன், ஆமா."

சாயந்தரம் அக்கா வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சிங்காரம்தான் முதலில் கேட்டான்.

"மாமா, அந்தப் பிளாஸ்திரி..."

"நான்தான் ஒட்டுனேன்" என்றார் காளியண்ணன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "உன் சத்தத்த அதுக்கு மேல ஏத்துனதே இல்ல. இத்தன வருஷமும் உன்னக் காப்பாத்துனது அந்தப் பிளாஸ்திரிதான்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொன்னா தம்பிய ஒதுக்குறீங்கன்னு சண்டைக்கு வருவ. இப்ப உன் காதாலயே கேட்டுட்ட. இனிமே அவன பேண்டுல வைக்கச் சொல்லி என்கிட்ட வராத."

சிங்காரம் அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. தங்கம்மா அவனைப் பார்த்தாள், கண்ணை எடுத்தாள், கரண்டியை எடுத்தாள்.

"உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று புருஷனைக் கேட்டாள்.

திங்கட்கிழமை பேக்டரி வாசலில் சின்னக்கருப்பன் அவனுக்குக் கும்பிடு போட்டு, "கச்சேரிக்கு நேரமாச்சு, வித்துவான்" என்றான். பின்னால் நின்றவர்கள் கையைச் சுற்றிக் காட்டினார்கள். சிங்காரம் உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றான். வாடிய இலையைக் கொட்டினான். பச்சை வாசனை எழுந்தது. பிடியை இழுத்ததும் மெஷின் முனகி, அசைந்து, சுற்ற ஆரம்பித்தது. மூலையில் இழுத்து நின்று, போயிற்று.

கொஞ்ச நேரத்தில் வலது கை தொடைமேல் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தான். அதைப் பிடித்து போட்டிருந்த சிலுவாரின் பைக்குள் திணித்தான். துணிக்கு அடியில், அந்த மூலை வரும்போது லேசாக நின்று, மறுபடி கிளம்பி, விரல்கள் அசைந்துகொண்டேயிருந்தன.