ஒரு சாண் தள்ளி

“அதை எடுத்துட்டுத்தான் தூக்கணும் மைனி. தீயில வெச்சா வெடிக்கும்” என்றார் செந்தூர்பாண்டி.

கணவரின் கால் கட்டைவிரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தம் நிமிரவில்லை. கொழுந்தனார் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். எது வெடிக்கும், எது வெடிக்காது என்பதில் வீட்டில் யாரும் அவரோடு மறுபேச்சுப் பேசுவதில்லை. செத்துக் கிடந்த அண்ணன் அய்யாதுரையின் இடது நெஞ்சில், தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷின் இருந்தது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் தானே ஷாக் கொடுத்து நேராக்கிவிடும். மூன்று வருஷத்தில் இரண்டு முறை அவரை மீட்டுக் கொடுத்திருக்கிறது.

“மதுரையில இருந்து ஆளு கிளம்பிட்டாரு. மூணு மணிக்குள்ள வேலை முடிஞ்சிரும்.”

“வெறுமனே எடுத்தா போதாது சித்தப்பா” என்றான் மகன் தருண்குமார். “கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்லுங்க. நிமிஷக் கணக்கா எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். இன்னைக்கு மட்டும் ஏன் அடிக்கலன்னு எனக்குத் தெரியணும்.”

லட்சுமிகாந்தத்தின் கையில் முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள்.

தருணுக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக மொட்டைமாடி அறையில், நிலாவில் ஓடுகிற குட்டி வண்டிக்குச் சக்கரம் செய்துகொண்டிருந்தான். நிலாத் தூசி கண்ணாடிப் பொடி மாதிரியாம். அச்சு நுழைகிற துளை வழியாகப் போய் மோட்டாரைத் தின்றுவிடுமாம். அதனால் இவன் துளையே வைக்கவில்லை. மூடிய டப்பாவுக்குள் மோட்டார் ஒரு காந்தத்தைச் சுழற்றும். வெளியே சக்கரத்தில் இருக்கிற காந்தம் அந்த இழுப்பிலேயே கூடச் சுற்றும். காகிதத் தூசியால் மாதம் ஒரு பேரிங் போகிற காலண்டர் பிரஸ் வைத்திருந்த அய்யாதுரைக்கு, உலகத்தில் இதைவிடப் பெரிய சங்கதி வேறில்லை. பிள்ளையைவிட அவருக்குத்தான் கிறுக்கு அதிகம்.

காந்தம் எதுவானாலும் நெஞ்சுக்கு ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒட்டி வந்தால் மெஷின் ஷாக் கொடுக்காது. விலக்கினால் மறுபடி வேலை செய்யும். தருண் அறைக்கதவில் ‘அப்பா வரக்கூடாது’ என்று எழுதி, பூட்டி, சாவியை மீட்டர் பெட்டியின் மேல் வைப்பான். சாவி அங்கே இருப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று விடியற்காலையில், தருண் கீழே தூங்கிக்கொண்டிருக்க, கணவரைத் தேடிக் காப்பியோடு மாடிக்குப் போன லட்சுமிகாந்தம் அறை திறந்திருப்பதைப் பார்த்தாள். நிலாத் தூசிக்குப் பதிலாகக் கல் கிரஷர் பொடி நிரப்பிய தொட்டியில் சக்கரத்தின் தடம் பாதிவரை போய் நின்றிருந்தது. அய்யாதுரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சக்கரத்தை டப்பாவோடு இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். அவள் அதைப் பிடுங்கினாள். பத்து எண்ணுவதற்குள் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிழைத்துவிட்டார் என்று நினைத்தாள். இன்னொரு முறை தூக்கிப் போட்டது. பிறகு ஒன்றுமில்லை.

சக்கரத்தை மேசையில் வைத்தாள். அவரை அக்குளில் கைகொடுத்து வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரம் இழுத்துவந்து கிடத்தினாள். அறையைப் பூட்டி, சாவியை இருந்த இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அலறினாள். முதலிலேயே அலறியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற கேள்வி காலையிலிருந்து அவளைத் தின்றது. ஆனாலும் பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மதுரையிலிருந்து வந்த மெஷின் கம்பெனி ஆள் ராஜபாண்டியன், பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனார். அவள் தண்ணீர் மோந்து கொடுக்கிற சாக்கில் கூடவே போனாள்.

“தம்பி, அதுல என்ன இருந்தாலும் பேட்டரி போச்சுன்னு சொல்லீருங்க.”

“பேட்டரியப் போன மாசந்தான பாத்தோம். இன்னும் நாலு வருஷம் ஓடும்மா.”

“எனக்கு என் பிள்ளை வேணும் தம்பி.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

உள்ளறையில் அய்யாதுரையின் சட்டையை விலக்கி, கையளவு கருவி ஒன்றை நெஞ்சின்மேல் வைத்தார். லேப்டாப்பில் வரிவரியாக ஏதோ ஓடியது. லட்சுமிகாந்தத்துக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. ராஜபாண்டியனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தருண் எட்டிப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“பேட்டரிதான் தம்பி. திடீர்னு சுத்தமா எறங்கியிருக்கு.”

சொன்ன பிறகும் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி செத்த மெஷின் இவ்வளவு நேரம் கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசியது? அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது. பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியாத தன்மேல் ஆத்திரமாக வந்தது. தருண் இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தாள்.

எதையும் பிரித்துப் பார்க்கிற பிள்ளை எதுவும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“சரிங்க, எடுத்துருங்க” என்றான்.

வாசலில் செந்தூர்பாண்டி, “என்னலே சொன்னாரு?” என்று கேட்டபோது, “பேட்டரி சித்தப்பா” என்று அவனே சொன்னான். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

இரண்டரை மணிக்கு, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனார்கள். நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, அதன் நிழலில் ஈரத்துணியோடு தருண் குடம் சுமந்து வந்தான். வெளியே பெஞ்சில் கிடத்தியிருந்த அய்யாதுரையின் நெஞ்சில் புதுத் தையல் கறுப்பாகத் தெரிந்தது.

“தலைக்கு ஊத்துய்யா” என்றார் செந்தூர்பாண்டி.

அவன் அந்தத் தையலைப் பார்த்தபடி கால்மாட்டிலேயே நின்று பாதத்தில் ஊற்றினான்.

“தலைக்குய்யா. கிட்ட வா.”

அவன் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. தண்ணீர் பாதத்திலேயே விழுந்தது. லட்சுமிகாந்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். குடம் காலியான பிறகும் அவன் அதைச் சரித்துப் பிடித்தபடியே இருந்தான்.