மூட்டைப்பூச்சி எந்த வீட்டுது?

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதில் வரும் பெண்ணின் கணவர். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. கதையை நல்ல இடத்தில் நிறுத்தி, "நான் கீழ வண்டிகிட்ட நின்னுட்டேன் சார், மேல என்ன பேசினாங்கன்னு தெரியாது" என்றார். அந்தப் பேச்சுதான் கதையே. ஆகவே அதை நான்தான் எழுத வேண்டும். அவரை நான் முழுதாக நம்பவில்லை. என்னையும் நீங்கள் நம்பிவிட வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: விடிந்தபோது அவள் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக…

(வேண்டாம். கடித்ததோடு போயிருந்தால் கதையே இல்லை.)

இரண்டாவது: அவள் பழைய சோபாக்களுக்குப் புது உறை தைப்பவள். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் ஓட்டலில் இரண்டு நாள் தங்கினார்கள். கடி அங்கேயே ஆரம்பித்தது. திரும்பி வந்த கொஞ்ச நாளில் வீட்டு மெத்தையின் தையலோரத்திலும் மூட்டைப்பூச்சி ஊர்ந்தது. மாடியில் குடியிருந்த ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி, தன் பிள்ளைகளைக் கீழே இறங்க விடவில்லை. கொடியில் இவள் துணியைக் கண்டால் தன் துணியை உருவிக்கொண்டு போனாள்.

"ஊரார் சோபாவையெல்லாம் வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்தா பூச்சி வராம என்ன பண்ணும்?" என்று தன் புருஷனிடம் சொன்னாள். சொன்னது இவள் காதுக்கு.

கணவர் படுக்கப் போகும்முன் தையல் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். [இதை அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தேன். அடித்து நீக்க மனம் வரவில்லை.]

3

கணவரைக் கீழே வண்டியருகே விட்டுவிட்டு, அவள் ஓட்டல் அலுவலகத்துக்கு ஏறிப் போய்ப் புகார் சொன்னாள். ஓட்டல் மேலாளர் மரியாதையானவர்.* அறையைச் சோதித்துவிட்டோம், ஒரு பூச்சிகூட இல்லை என்றார். பேச்சுவாக்கில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். சொன்னாள்.

"பழைய சோபாவா?"

வீட்டு மாடியில் கேட்ட அதே கேள்வி, இங்கே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆனாலும், ஓட்டல் பெயர் கெட வேண்டாமே என்று அறை வாடகையைத் திருப்பித் தர முன்வந்தார். பூச்சியே இல்லாத அறைக்கு எதற்கு வாடகையைத் திருப்புகிறார்? அவளுக்குப் பொறி தட்டியது.

"வாடகை வேணாம் சார். எங்க ஓரகத்திக்கு ஒரு போன் போடுங்க. பூச்சி உங்க ரூம்லதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்கு அதான் நஷ்டஈடு."

"அப்படிச் சொன்னா என் வேலை போயிடும்மா."

"சொல்லலைன்னா எனக்கு வீடு போயிடும் சார்."

(கணவரிடம் படித்துக் காட்டினேன். "அவ இப்படியெல்லாம் பேச மாட்டா" என்றார். வண்டிகிட்ட நின்றவர்.)

* இதுவும் கணவர் சொன்னது. மேலாளரை அவர் பார்த்ததே இல்லை.

4

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். அவளுடைய போனிலேயே பேசினார். எங்கள் அறையில்தான் இருந்தது, அந்த அம்மா மேல் தப்பில்லை என்றார்.

மறுமுனையில் ஓரகத்தி நிதானமாகக் கேட்டாள்:

"இப்படிச் சொல்றதுக்கு அவ உங்களுக்கு என்ன குடுத்தா?"

இந்த ஒரு வரி மட்டும் என் கற்பனை இல்லை. அன்று சாயங்காலம் வாசலில் நின்று ஓரகத்தியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னது.

5

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று டீ குடிக்கும்போது கணவர் போகிறபோக்கில் சொன்னார்: "கல்யாணத்துக்கு நாங்க கொண்டு போன பெட்டி அண்ணன் வீட்டுது சார். அதுக்கு முன்னாடி கொஞ்ச நாளாவே அவங்க மெத்தை வெயில்ல கெடந்துச்சு."

"உங்க மனைவிகிட்ட சொன்னீங்களா?"

"அண்ணன் வீட்டு விஷயமாச்சே" என்று டம்ளரைக் கழுவப் போனார்.

ஆறாம் பகுதியில் இது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அவள் மாடிப்படி ஏறுவாள். இறங்கும்போது ஒரு குடும்பம் இரண்டாகியிருக்கும். தெரியாவிட்டால், பிடித்துச் செய்துவந்த வேலையைத் தானே சந்தேகப்பட்டு, ஒவ்வொரு சோபாவின் தையலையும் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் அவரோடு தினமும் டீ குடிக்கிறவன். என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் அவளிடம் சொல்வதாக இருந்தால், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.