கை தூக்கினால் அசையாதே

எங்கள் வேல்ஸ் கடற்கரையில் மார்ச் மாத வெயில் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் போதும், என் தம்பி இத்தெலுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஐம்பது வயதாகிறது, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கடல்முனைக்கு ஓடிவிடுவான். நானும் சளைத்தவள் இல்லை. எந்தப் பறவையை, எந்தப் பூவை யார் முதலில் பார்த்தது என்று எங்களுக்குள் வருஷம் முழுக்கச் சண்டை.

அன்று கடல் உள்ளே புகுந்து அறுத்த ஒரு பாறைப் பிளவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். விளிம்பில் நகத்தளவு நீலப்பூ ஒன்று பூத்திருந்ததாம். அதைப் பார்க்கக் குப்புறப் படுத்திருந்தான். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரிந்தது: குளிர்கால மழையில் அடிமண் அரித்துப்போய், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் புல்திட்டின்மேல் படுத்திருக்கிறான். கீழே கடல்.

கத்தினேன், காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. கையைத் தூக்கினேன். எவ்வளவு பெரிய மடத்தனம். பறவை பார்ப்பவர்களுக்குள் தூக்கிய கைக்கு ஒரே அர்த்தம்தான்: பக்கத்தில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது, அசையாதே. பாவி, மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் அழுந்திப் படுத்தான். இரண்டு கையையும் ஆட்டினேன். தலையை மட்டும் திருப்பி வானத்தைத் தேடினான். அவனுக்கு அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். சுற்றிக்கொண்டு ஓடினால் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவனாக எழுந்து வரவேண்டும். அவனை எது எழுப்பும் என்று எனக்குத் தெரியாதா?

அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். காலி வயலைப் பார்த்து பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அபூர்வமான எதையோ கண்டு அவனை மறந்தே போனவள்போல நின்றேன். ஒரு தரம் திரும்பினாலும் நடிப்பென்று தெரிந்துவிடும். கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது. கடற்பறவைகள் கூச்சலிட்டு எழும்பின. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அப்படியே நின்றேன்.

வெகுநேரம் கழித்து, பக்கத்தில் மூச்சிரைப்பு.

"எங்கக்கா? என்ன அது? எனக்குக் காட்டாம நீ மட்டும் பாக்குறியே, நல்லாவா இருக்கு?"

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓடிவந்த வேகத்தில் மண் சரிந்த சத்தம் அவன் காதில் விழுந்திருக்கவே இல்லை. எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். அவன் படுத்திருந்த இடத்தில் புல்லும் இல்லை, பூவும் இல்லை, செம்மண் மட்டும் தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப, பறவை?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. நீ வந்தா போதும்னு நின்னேன்."