கூறுக்கு ஒன்று மேலே

எட்டை ஆறால் பெருக்கினால் நாற்பத்தெட்டு. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் ஐம்பத்துநான்கு என்று எழுதியிருந்தார்கள்.

"ஒரே தப்பை இத்தன பேர் எழுதுனா அதுக்குப் பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டார் லிங்கராஜ். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கிறவர். கடுகடுப்பானவர் இல்லை, ஆனால் காப்பி அடித்தால் விடமாட்டார்.

வகுப்பு டீச்சர் ஜெயபிரியா தாள்களை வாங்கிப் புரட்டினாள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அந்த மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அவள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பாய்களில் உட்காருவார்கள். தடுமாறுகிறவர்கள் அரும்பு, பாதி வந்தவர்கள் மொட்டு, தேறியவர்கள் மலர். மீன் விற்கும் தங்கத்தாயின் மகள் சுடலைச்செல்வி அரும்பிலிருந்து மலருக்கு வர ஒரு வருஷம் பிடித்தது. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் தாளிலும் ஐம்பத்துநான்கு.

"இவங்கள மொட்டுல போட்டுருங்க," என்றார் லிங்கராஜ். "அடுத்த பருவத்துல பாப்போம்."

"கொஞ்சம் பொறுங்க சார்."

தேர்வன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே தாள்களைத் தரையில் பரப்பினாள். பார்த்து எழுதினால் தவறு பக்கத்து ஆளுக்குத்தான் போகும். இங்கே வாசலோரம் இருந்த சுடலைச்செல்விக்கும் ஜன்னலோரம் இருந்த ஜோன்ஸுக்கும் ஐம்பத்துநான்கு. நடுவில் இருந்தவர்களுக்கெல்லாம் நாற்பத்தெட்டு. தவறு ஆளைத் தாண்டிக் குதித்திருந்தது.

சரி, ஐம்பத்துநான்கு எப்படி வரும்? ஒன்பதை ஆறால் பெருக்கினால் வரும். அப்படியென்றால் பெருக்கலில் பிசகில்லை. எட்டுதான் எங்கேயோ ஒன்பதாகியிருக்கிறது.

கேள்வியை மறுபடி படித்தாள். 'ஒரு கூறுக்கு எட்டுச் சாளை. ஆறு கூறு விற்றால் எத்தனை சாளை?' புத்தகத்தில் பெட்டிக்கு எட்டு ஆப்பிள் என்றிருந்தது. நம்ம பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று அவள்தான் ஆப்பிளைச் சாளை மீனாகவும், பெட்டியைச் சந்தையில் குவித்து விற்கிற கூறாகவும் மாற்றியிருந்தாள்.

"ஏளா செல்வி, இங்கன வா. இது எப்படி வந்துச்சு?"

"ஒம்பதாறு அம்பத்துநாலு டீச்சர்."

"எட்டுன்னுதான போட்டிருக்கு?"

"கூறுக்கு ஒண்ணு மேல போடணும்லா! எங்கம்ம போடலன்னா ஆளுக அடுத்தவககிட்ட போயிருவாவ."

மலர்ப் பாயிலிருந்து ஜோன்ஸ் எழுந்தான். "அவங்கம்ம கேட்டாத்தான் போடுவாவ டீச்சர். எங்கம்ம கேக்காமலே போடுவாவ."

"போலே! உங்கம்ம போடுதது தலை நசுங்குன சாளை!"

வகுப்பே சிரித்தது. லிங்கராஜும் சிரித்துவிட்டார்.

ஜெயபிரியாவுக்கு இப்போது முழுவதும் விளங்கியது. வாங்குகிற வீட்டில் கொசுறு இனாம், கணக்கில் வராது. விற்கிற வீட்டிலோ அது கூடையிலிருந்து போகிற மீன். நாற்பத்தெட்டு எழுதியவர்கள் லாரி டிரைவர், லோடுமேன் வீட்டுப் பிள்ளைகள். ஐம்பத்துநான்கு எழுதியவர்கள் எல்லோரும் மீன் விற்கிற வீட்டுப் பிள்ளைகள்.

"காப்பி இல்ல, ஒத்துக்கிடுதேன்," என்றார் லிங்கராஜ். "ஆனா கேள்வியில கொசுறு இல்லையே. நானே ஒண்ணு கேக்கேன். ஏளா, கூறுக்கு ஏழு சாளை. எட்டுக் கூறு வித்தா எத்தன?"

சுடலைச்செல்வி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். ஜெயபிரியா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார், இது தாள்ல உள்ள சாளையா, எங்கம்ம கூடையில உள்ள சாளையா?"

"தாள்ல உள்ளது."

"அம்பத்தாறு."

"கூடையில?"

"அறுவத்துநாலு."

லிங்கராஜ் அவள் தாளில் இருந்த தவறுக் குறியை அழிக்கவில்லை. "அந்தக் கணக்குக்கு மார்க்கு கிடையாது. என்ன கேட்டிருக்கோ அதத்தான் எழுதணும்," என்றார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். "போ, உன் எடத்துல போய் உக்காரு."

சுடலைச்செல்வி மலர்ப் பாய்க்கு நடந்தாள். அவள் இடத்தில் ஜோன்ஸ் கால் நீட்டியிருந்தான்.

"தள்ளுலே," என்றாள்.